பெட்டி என் வீட்டில், சாவி யாரிடம்?

என் வீட்டு கேட்டில் இரண்டு மாதமாக ஓர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. "பின்கட்டு வாடகைக்கு விடப்படும்" என்று எழுதி, கீழே என் கைப்பேசி எண்ணைப் பெரிதாகப் போட்டிருந்தேன். வாடகைக்கு ஆள் வரவில்லை. ஆனால் சாயங்காலமானால் நாலைந்து பையன்கள் கேட்டை ஒட்டி வண்டியை நிறுத்திக்கொண்டு, கையில் போனோடு உட்கார்ந்துவிடுவார்கள். நல்ல பிள்ளைகள்தான், சத்தம் போட மாட்டார்கள். ஒருநாள், "என்னப்பா, தினமும் இங்கேயே?" என்று கேட்டேன். ஒருவன் ஒளிக்காமல் சொன்னான்: "உங்க வைஃபை இங்க நல்லா கிடைக்குது தாத்தா. பாஸ்வேர்டைத்தான் போர்டுலயே எழுதி வச்சிருக்கீங்களே!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்த ஊழியர், "மறக்காம இருக்கும் சார்" என்று சொல்லி என் கைப்பேசி எண்ணையே வைஃபை கடவுச்சொல்லாக வைத்துவிட்டுப் போயிருந்தார். எங்கள் தெருவில் அவர் இணைப்புக் கொடுத்த எல்லா வீட்டிலும் அதே வழக்கம்தானாம். பையன்களுக்கு அது தெரியும். தெருவில் தெரியாதவர்கள் என்னைப் போன்ற கிழவர்கள் மட்டும்தான்.

மாதக் கடைசியில் இணையம் ஏன் நத்தையாக நகர்கிறது, பிரான்சிலிருக்கும் அண்ணன் மகனோடு பேசும்போது அவன் முகம் ஏன் உறைந்து நிற்கிறது என்பதெல்லாம் புரிந்தது. அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் வந்தது. இணைப்பு என் பெயரில் இருக்கிறது. அதன் வழியாக யாராவது தகாத காரியம் செய்தால், விசாரிக்க வருகிறவர் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார். முப்பத்தைந்து வருஷம் அரசாங்கக் கோப்பு கட்டியவனுக்கு இது உடனே உறைக்கும்.

சரி, கடவுச்சொல்லை மாற்றிவிடலாம் என்று நிறுவனத்தின் சேவை எண்ணுக்குப் பேசினேன். "ஆள் அனுப்புகிறோம், வருகைக் கட்டணம் உண்டு" என்றார்கள். "ஆள் வேண்டாம், அந்தப் பெட்டியின் அட்மின் பக்கத்துக்கு உள்ளே போகும் கடவுச்சொல்லைச் சொல்லுங்கள், நானே மாற்றிக்கொள்கிறேன்" என்றேன். "அது கஸ்டமருக்குக் கொடுக்கிறதில்லை சார்" என்று பதில் வந்தது.

இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால், அந்தப் பக்கத்தைத் திறக்க நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். என் வயதுக்காரர்கள் யாருக்காவது உதவும்.

பிரான்சிலிருக்கும் அண்ணன் மகனைக் கூப்பிட்டேன். "ரொம்ப சுலபம் சித்தப்பா. பிரவுசர்ல 192.168.1.1ன்னு அடிங்க" என்றான். அடித்தேன், வரவில்லை. "இருங்க, நானே இங்க அடிச்சுப் பார்க்கிறேன்... எனக்கு வருதே!" என்றான். வந்தது அவன் வீட்டுப் பெட்டியின் பக்கம். பிறகு அவனே சிரித்துக்கொண்டு விளக்கினான். உலகத்தில் இப்போதும் பெருமளவில் புழங்கும் பழைய முறை இணைய முகவரிகள் மொத்தம் ஏறக்குறைய 430 கோடிதான். ஒவ்வொரு வீட்டுப் போனுக்கும் டிவிக்கும் தனித்தனியாகக் கொடுத்தால் போதாது. அதனால் சில எண்வரிசைகளை, வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் உள்ளே மட்டும் புழங்கட்டும் என்று ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் நடைமுறையில் இருக்கும் அந்த விதி 1996இல் எழுதப்பட்டது. ஆகவே 192.168 என்று தொடங்கும் முகவரி கோடிக்கணக்கான வீடுகளில் ஒரே நேரத்தில் இருக்கும். "அடுப்படி" என்று சொன்னால் அவரவர் வீட்டு அடுப்படியைக் குறிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் அங்கே அடித்தால் அவன் வீட்டு அடுப்படி. என் வீட்டு அடுப்படிக்கு நான்தான் என் வீட்டுக்குள்ளிருந்து போக வேண்டும்.

அடுத்த பாடம், எல்லாப் பெட்டிக்கும் 192.168.1.1 பொருந்தாது என்பது. சிலவற்றுக்கு 192.168.0.1, சிலவற்றுக்கு வேறு எண். ஊகிக்க வேண்டியதில்லை, கருவியிடமே கேட்கலாம். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் வைஃபை போய், இணைந்திருக்கும் பெயரைத் தொட்டால் 'கேட்வே' என்று ஒரு வரி இருக்கும். விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் என்னும் கறுப்புத் திரையைத் திறந்து, ஐபிகான்ஃபிக் என்பதை ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இடைவெளி விடாமல் அடித்தால், 'டீஃபால்ட் கேட்வே' என்று காட்டும். அந்த எண்தான் உங்கள் பெட்டியின் முகவரி. என் பெட்டிக்கு 192.168.0.1 என்று இருந்தது.

அதை அடித்தும் போனில் வரவில்லை. காரணம் மொபைல் டேட்டா. வைஃபையும் டேட்டாவும் சேர்ந்து இயங்கும்போது சில போன்கள் வீட்டு வழியை விட்டுவிட்டு வெளி வழியில் போய்த் தேடும். வெளியில் அந்த முகவரி கிடையாது, சுற்றிக்கொண்டே இருக்கும். டேட்டாவை அணைக்க வேண்டும். விபிஎன் என்று ஏதாவது போட்டிருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். விருந்தாளிகளுக்கான 'கெஸ்ட்' வைஃபையில் இருந்தால் பெரும்பாலான பெட்டிகள் அட்மின் பக்கத்தைக் காட்டவே காட்டாது. சில வீடுகளில் நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டி ஒன்று, கடையில் வாங்கிய ரவுட்டர் ஒன்று என்று இரண்டு இருக்கும். இரண்டுக்கும் தனித்தனி முகவரி, தனித்தனிக் கடவுச்சொல். எது எதற்கு என்று தெரியாமல் மாற்றி மாற்றி அடித்தால் பொழுதுதான் போகும்.

இன்னொன்று, முகவரியை மேலே உள்ள முகவரிப் பட்டையில் அடிக்க வேண்டும். நடுவில் இருக்கும் தேடல் பெட்டியில் அடித்தால், ரவுட்டரைப் பற்றி எழுதியவர்களின் பக்கங்கள் எல்லாம் வரும், உங்கள் ரவுட்டர் வராது. புள்ளிக்குப் பதில் காற்புள்ளி விழுந்தாலும், பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில 'ஓ' எழுத்து விழுந்தாலும் இதே கதிதான். சில சமயம் பிரவுசர் "இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று சிவப்பில் பயமுறுத்தும். பெட்டியின் சான்றிதழ் அந்தப் பெட்டியே தனக்குப் போட்டுக்கொண்ட கையெழுத்து என்பதால் வரும் எச்சரிக்கை அது. உங்கள் வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு, கேட்வே எண்ணைச் சரியாக அடித்திருக்கிறீர்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் மேலே போகலாம். வங்கிப் பக்கத்தில் இதே எச்சரிக்கை வந்தால் ஓர் அடிகூட எடுத்துவைக்காதீர்கள்.

ஒருவழியாகக் கணினியில் பக்கம் திறந்தது. கடவுச்சொல் கேட்டது. வைஃபை கடவுச்சொல்லைப் போட்டேன், ஏற்கவில்லை. இரண்டும் வேறு வேறு. வைஃபை கடவுச்சொல் வீட்டுக்குள் நுழைய, இது வீட்டுப் பத்திரம் இருக்கும் அலமாரியைத் திறக்க. அண்ணன் மகன் கேட்டான்: "பெட்டிக்கு அடியிலோ முதுகிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும் சித்தப்பா, பார்த்தீங்களா?"

பெட்டியை ஊழியர் வாசல்நிலைக்கு மேலே சுவரில் மாட்டியிருந்தார். ஸ்டிக்கர் சுவர்ப் பக்கம். ஸ்டூல் போட்டு ஏறலாம் என்று போனேன், "இந்த வயசுல இடுப்பை முறிச்சுக்கணுமா?" என்று என் மனைவி தடுத்துவிட்டாள். மாடியில் குடியிருக்கும் கல்லூரிப் பையன் வந்து, பெட்டியை ஆணியிலிருந்து மெதுவாகத் தூக்கி, முதுகைத் தன் போனில் படம் எடுத்து, திரும்ப மாட்டிவிட்டு, "இந்தாங்க தாத்தா" என்று எனக்கு அனுப்பினான். மொத்தம் இரண்டு நிமிஷம். முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் அதில் அச்சடித்திருந்தது. எனக்குக் கொடுக்க முடியாது என்று சொன்ன சாவி, இத்தனை மாதமும் என் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

கதை அதோடும் முடியவில்லை. ஸ்டிக்கரில் உள்ளதைப் பார்த்துப் பார்த்து அடித்தேன். தவறு என்றது. மறுபடி அடித்தேன். தவறு. அதற்கு மேலும் முயன்றதில், சில நிமிஷம் கழித்து வாருங்கள் என்று பூட்டிக்கொண்டது. அண்ணன் மகன், "கடவுச்சொல் கட்டத்துப் பக்கத்துல கண் மாதிரி ஒரு படம் இருக்கா? அதை அழுத்திட்டு அடிங்க" என்றான். அழுத்தினேன். புள்ளிகளாகத் தெரிந்தது எழுத்தாகத் தெரிந்தது. நான் 'ஏ' அடித்த இடத்தில் எல்லாம் 'க்யூ' விழுந்திருந்தது. 'எம்' அடித்த இடத்தில் காற்புள்ளி.

இதற்குக் காரணம் நான் படித்த பள்ளிக்கூடம்! புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். இன்றும் உறவினர்களுக்குப் பிரெஞ்சில்தான் கடிதம் எழுதுகிறேன். அதற்காகக் கணினியில் பிரெஞ்சு விசைப்பலகையையும் வைத்திருக்கிறேன். அந்த அமைப்பில் 'ஏ'யும் 'க்யூ'வும் இடம் மாறி இருக்கும், 'எம்' வேறு வரிசையில் இருக்கும், எண்களுக்கு ஷிஃப்ட் விசையை அழுத்த வேண்டும். முகவரியை மட்டும் வலப்பக்கத்து எண்பலகையில் அடித்ததால் அது சரியாக விழுந்தது, சந்தேகம் வரவில்லை. கடவுச்சொல் புள்ளியாக மறைந்துகொண்டதால் பிழை தெரியவில்லை. ஆல்ட், ஷிஃப்ட் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அமைப்பு மாறிவிடும். எத்தனையோ பேர் தெரியாமல் அழுத்திவிட்டு "பாஸ்வேர்டு தப்பு" என்று தவிப்பார்கள். கேப்ஸ் லாக்கும் இதே வேலையைச் செய்யும்.

நடுவில் ஒரு கட்டத்தில், பெட்டியின் பின்னால் குண்டூசி நுழையும் துளையில் இருக்கும் 'ரீசெட்' பொத்தானைப் பத்து விநாடி அழுத்திவிடலாமா என்று யோசித்தேன். நல்லவேளை, மருமகப்பெண் தடுத்தாள். கடையில் வாங்கிய ரவுட்டராக இருந்தாலாவது ஒருவழியாகத் திரும்ப அமைத்துக்கொள்ளலாம். நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டியில் அப்படிச் செய்தால், இணைப்புக்காக ஊழியர் உள்ளே போட்டுவைத்த பயனர் பெயரும் மற்ற விவரங்களும் அழிந்துபோகலாம். பிறகு இணையமே வராது. வருகைக் கட்டணம் கொடுத்து ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்.

சரியாக அடித்ததும் பக்கம் திறந்தது. முதலில் பார்த்தது, எத்தனை கருவிகள் இணைந்திருக்கின்றன என்ற பட்டியலை. பதினான்கு! எங்கள் வீட்டில் உள்ளவை ஐந்து.

வைஃபை கடவுச்சொல்லை மாற்றினேன். மாற்றிய உடனே என் கணினியும் சேர்ந்து துண்டிக்கப்பட்டது. பயப்படாதீர்கள், அது இயல்பு. புதிய கடவுச்சொல்லைப் போட்டு எல்லாவற்றையும் மறுபடி இணைக்க வேண்டும். அடுத்து அட்மின் கடவுச்சொல்லையும் மாற்றினேன். இரண்டையும் தேதி போட்டு, வீட்டு வரி ரசீது வைக்கும் நோட்டில் எழுதிவைத்தேன். மாடிப் பையனுக்குக் 'கெஸ்ட்' வைஃபை ஒன்று தனியாகத் திறந்து கொடுத்தேன். உதவி செய்தவனுக்கு அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? இப்போது யாருக்குக் கொடுத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்றால் நிறுத்தவும் தெரியும்.

இனி என் கருத்துக்கு வருகிறேன்.

"கஸ்டமருக்குக் கொடுக்கிறதில்லை" என்று சொல்வதில் அவர்கள் பக்கத்து நியாயமும் இருக்கிறது. என்னைப் போன்றவன் உள்ளே போய் எதையாவது மாற்றி, இணைப்பு அறுந்து, மறுநாள் அவர்களிடமே புகார் செய்வேன். ஆயிரம் வீட்டில் இப்படி நடந்தால் அவர்கள் பிழைப்பது எப்படி? ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெட்டியைச் செய்தவர்கள் இதை முன்பே யோசித்திருக்கிறார்கள். நிறுவனங்கள் கொடுக்கும் பல ஃபைபர் பெட்டிகளில் இரண்டு நிலைச் சாவி உண்டு. ஒன்று நிறுவனத்துக்கு, எல்லாவற்றையும் மாற்றலாம். மற்றது வீட்டுக்காரருக்கு, வைஃபை பெயர், கடவுச்சொல், யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியல் போன்றவை மட்டும். ஸ்டிக்கரில் இருந்தது அந்த இரண்டாவது சாவி. நான் உள்ளே போனபோது ஃபைபர் சம்பந்தப்பட்ட அமைப்புகள் கண்ணிலேயே படவில்லை. கெடுப்பதற்கு அங்கே எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆக, எனக்கென்று செய்யப்பட்ட சாவியையே எனக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். போனில் பேசிய அந்தப் பெண்ணுக்கும் இது சொல்லித் தரப்பட்டிருக்காது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சொல்லித் தராதவர்கள் மேல்தான்.

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் பணப்பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று பொறுப்பாளரிடம். மற்றதை உறையிலிட்டு முத்திரை வைத்துக் கருவூலத்தில் ஒப்படைப்போம். வருஷத்துக்கு ஒருமுறை அதை எடுத்து, சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி முத்திரை வைத்து அனுப்புவோம். ஒருவர் மாற்றலாகிப் போனால், சாவியைக் கொடுத்தேன், வாங்கினேன் என்று இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் காலத்தில் இதையெல்லாம் வெட்டி வேலை என்று கேலி செய்தவர்கள் உண்டு, நானும் செய்திருக்கிறேன். இன்று பார்த்தால் அதன் அர்த்தம் தெரிகிறது. எந்தப் பூட்டுக்கும் யார் பொறுப்பு என்று காகிதத்தில் இருந்தது. என் வீட்டு இணையத்துக்கு நான் பொறுப்பு என்றால், சாவியை என்னிடம் எழுதிக் கொடுத்துவிட்டல்லவா போயிருக்க வேண்டும்?

மற்ற நாடுகளில் இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறார்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடித் தேடிப் பிடித்தது. அதற்குத் தேவைப்பட்டது அறுபது சொச்சம் பெயர்–கடவுச்சொல் ஜோடிகள்தான். அந்த ஆண்டு அக்டோபரில் அந்தப் படையைக் கொண்டு தாக்கியபோது, அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே சில மணி நேரம் கிடைக்காமல் போயின. பிறகு கலிஃபோர்னியாவில் 2020 ஜனவரி முதலும், பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதலும் எல்லாக் கருவிக்கும் ஒரே பொதுக் கடவுச்சொல் வைத்து விற்பதைச் சட்டம் தடுக்கிறது. ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் முதல், நிறுவனம் கொடுக்கும் பெட்டியைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. விருப்பமான ரவுட்டரை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

பிரெஞ்சில் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை 'மோ த பாஸ் பார் தெஃபோ' என்பார்கள். 'தெஃபோ' என்றால் இயல்பாக அமைந்தது என்றும் பொருள், குறை என்றும் பொருள். எங்கள் வகுப்பில் இந்தச் சொல்லை எழுதவைத்த ஆசிரியர் ரவுட்டரைக் கண்டவர் அல்லர். ஆனாலும் அந்த இரட்டைப் பொருள் இங்கே அச்சாகப் பொருந்துகிறது. கைப்பேசி எண்ணைக் கடவுச்சொல்லாக வைக்கும் நம் ஊர் வழக்கமும் இதே ரகம்தான்.

நிறுவனங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் அல்ல. இணைப்புக் கொடுக்க வரும் ஊழியர், பெட்டியைச் சுவரில் மாட்டும் முன் ஸ்டிக்கரை வீட்டுக்காரர் போனில் படம் எடுத்துக் கொடுக்கட்டும். வைஃபை கடவுச்சொல்லை வீட்டுக்காரரையே சொல்லச் சொல்லி, அவர் கண்முன்னே வைக்கட்டும். முகவரியையும் வீட்டுக்காரருக்குரிய கடவுச்சொல்லையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கட்டும். கூடுதலாக ஐந்து நிமிஷம் ஆகும், செலவு ஒன்றும் இல்லை.

நம் பக்கமும் ஒன்று இருக்கிறது. "எனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா, நீயே பார்த்துச் செய்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறோம். நானும் அப்படித்தான் போனேன். ஊழியர் பெட்டியை மாட்டிக்கொண்டிருந்தபோது நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். புது வீட்டுக்குப் பூட்டுப் போட வந்த தச்சரிடம், "சாவியை நீயே வைத்துக்கொள்" என்று நம்மில் யாரும் சொல்லியிருக்க மாட்டோம்.

பின்கட்டுக்கு இன்னும் ஆள் வரவில்லை. அட்டை அப்படியேதான் தொங்குகிறது, கைப்பேசி எண்ணோடு. பையன்கள் மட்டும் வேறு வீட்டு கேட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த வீட்டுக்காரர் என் பழைய சகா. நாளைக் காலை நடைப்பயிற்சியில் அவரிடம் சொல்ல வேண்டும்.